எலும்புக் கணக்கு

1870 ஜூன் மாதக் கடைசி. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரத்துப் பத்திரிகை ஒன்றில் ஒரு சின்னச் செய்தி வந்தது. கிழக்கே இருந்து வந்த ரயிலில் மனித எலும்புகள் வந்து இறங்கியிருக்கின்றன. எடை சுமார் 20,000 பவுண்டு. 1,200 சீனர்களுடைய எலும்புகளாக இருக்கலாம். அநேகமாக எல்லாருமே அந்த ரயில் பாதையைப் போட்டவர்கள். அவ்வளவுதான் செய்தி.

அதே சமயத்தில் அதே ஊரின் இன்னொரு பத்திரிகை, ஐம்பது பேர் எலும்பு என்று எழுதியது.

ஆயிரத்து இருநூறா, ஐம்பதா? நூற்றைம்பது வருஷம் தாண்டியும் இதற்கு விடை கிடையாது. ஆராய்ச்சியாளர்கள் ஆளுக்கொரு எண்ணிக்கை சொல்கிறார்கள். காரணம் ரொம்பச் சாதாரணமானது. வேலை செய்த இடத்தில் எத்தனை சீனர்கள் செத்தார்கள் என்று ரயில் கம்பெனி கணக்கு வைக்கவில்லை. சரி, கணக்கு வைக்கத் தெரியாத கம்பெனியா அது? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

*

1862-ல் லிங்கன் ஜனாதிபதியாக இருந்தபோது பசிபிக் ரயில்வே சட்டம் வந்தது. கிழக்கே ஓமஹாவிலிருந்து யூனியன் பசிபிக் கம்பெனி மேற்கு நோக்கிப் பாதை போட வேண்டும். மேற்கே சாக்ரமெண்டோவிலிருந்து சென்ட்ரல் பசிபிக் கம்பெனி கிழக்கு நோக்கிப் போட வேண்டும். இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு கண்டமே ஒரு கோட்டில் சேர்ந்துவிடும். இதற்கு அரசாங்கம் கடன் பத்திரம் கொடுத்தது. தட்டை நிலத்தில் மைலுக்கு 16,000 டாலர். மலையில் மைலுக்கு 48,000 டாலர். அது போகப் பாதைக்கு இரண்டு பக்கமும் நிலம். அந்த நிலம் யாருடையது? செவ்விந்தியர் என்று வெள்ளைக்காரன் பேர் வைத்தானே, அந்தப் பூர்வகுடி சனங்களுடையது. அவர்களை யாரும் கேட்கவில்லை.

சென்ட்ரல் பசிபிக்கின் முதலாளிகள் நாலு பேர். லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட், காலிஸ் ஹண்டிங்டன், மார்க் ஹாப்கின்ஸ், சார்லஸ் குரோக்கர். நாலு பேரும் சாக்ரமெண்டோவில் கடை வைத்திருந்த வியாபாரிகள். 48,000 டாலருக்காக இவர்கள் செய்த ஒரு வேலையைக் கேளுங்கள். சியரா நெவாடா மலை எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒரு கேள்வி வந்தது. கண்ணுக்குத் தெரிகிற மலை பல மைல் தள்ளி இருக்கிறது. ஆனால் சாக்ரமெண்டோவிலிருந்து ஏழே மைலில், தட்டை நிலத்தில் ஓடுகிற ஆர்கேட் ஓடையிலேயே மலை ஆரம்பமாகிவிடுகிறது என்று நிலவியல் அதிகாரியிடம் சான்று வாங்கிவிட்டார்கள். லிங்கனும் ஒத்துக்கொண்டார். காகிதத்திலேயே மலை நகர்ந்தது. முதலாளிகளுக்கு லட்சக்கணக்கில் டாலர் கூடுதலாக வந்தது. இப்பேர்ப்பட்ட கணக்குப்பிள்ளைகள் அவர்கள்.

வேலைக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. வெள்ளைக்காரன் வருவான், ஒரு மாசம் கூலி வாங்குவான், நெவாடாவில் வெள்ளி எடுக்கப் போய்விடுவான். அப்போது சீனர்களை வைக்கலாமா என்று பேச்சு வந்தது. வேலைகளை மேற்பார்த்த ஸ்ட்ரோபிரிட்ஜ் முடியாது என்றான். ஆள் குள்ளம், எடை இல்லை, இவனுங்க பாறை உடைப்பானுங்களா என்று அவனுக்கு இளக்காரம். சீனப் பெருஞ்சுவரைக் கட்டினவன் ரயில் பாதை போட மாட்டானா என்று குரோக்கர் கேட்டதாக ஒரு கதை உண்டு. 1864 ஜனவரிச் சம்பளப் பட்டியலிலேயே சில சீனர்கள் இருக்கிறார்கள். 1865-ல் ஐம்பது பேரைக் கூட்டி வந்து சோதித்துப் பார்த்தார்கள். அப்புறம் ஐநூறு, ஆயிரம். 1867-ல் அந்தக் கம்பெனியின் வேலைக்காரர்களில் பத்தில் ஒன்பது பேர் சீனர்கள். ஒரே சமயத்தில் பத்தாயிரத்துக்கும் மேலே. மொத்தமாக வந்து போனவர்கள் பதினைந்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் பேர் வரை இருக்கும் என்கிறார்கள்.

அநேகமாக எல்லாரும் தென்சீனத்தின் குவாங்டாங் மாகாணத்துக் குடியானவர்கள். அதிலும் நாலு மாவட்டத்துக்காரர்களே அதிகம். அபினி யுத்தம், டைபிங் கலகம், அதோடு உள்ளூரில் பூர்வீகக்காரர்களுக்கும் ஹக்கா சனங்களுக்கும் நடந்த வெட்டுக்குத்து. ஊரில் பொழப்பு இல்லை. கப்பல் கூலியைக் கடனாக வாங்கிக்கொண்டு புறப்பட்டார்கள். போகிற தேசத்துக்கு அவர்கள் வைத்திருந்த பேர் தங்கமலை.

தங்கமலையில் அவர்களுக்கு என்ன மரியாதை? வெள்ளைக்காரனுக்கு எதிராகச் சீனன் கோர்ட்டில் சாட்சி சொல்லக் கூடாது என்று 1854-லேயே கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கண் முன்னால் கொலை நடந்தாலும் சீனன் பார்த்தது பார்த்ததாகாது. வெள்ளையருக்கு மட்டுமே குடியுரிமை என்ற 1790-ம் வருஷத்துச் சட்டம் இருந்ததால் எத்தனை வருஷம் உழைத்தாலும் அமெரிக்கன் ஆக முடியாது. 1862-ல் கலிபோர்னியா ஒரு சட்டம் போட்டுச் சீனர்கள் மேல் மாச வரி விதித்தது. அந்தச் சட்டத்தின் பேர் 'கூலி எதிர்ப்புச் சட்டம்'.

தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு அந்த இடத்தில் கண் நின்றுவிட்டது. கூலி. நம்ம சொல். உழைப்புக்குக் கொடுக்கிற காசுக்குப் பேர் கூலி. அது கப்பல் ஏறிப் போய், உழைக்கிற மனுசனுக்கே பேராகி, அப்புறம் வசவாகிவிட்டது. குஜராத்தின் கோலி என்ற சாதிப் பேரிலிருந்து வந்ததாகச் சொல்வாரும் உண்டு. எப்படி வைத்துக்கொண்டாலும் உழைக்கிறவன் கூலியோ, உழைக்கிறவன் சாதியோ, அதுதான் உலகத்துக்கு வசவாகியிருக்கிறது. தமிழே தெரியாத ஒரு சீனத் தொழிலாளியை, தமிழே தெரியாத ஒரு வெள்ளைக்காரன் இந்தச் சொல்லால் திட்டியிருக்கிறான்.

*

கம்பெனியின் சம்பளப் புத்தகங்கள் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. அதில் வெள்ளைத் தொழிலாளிக்குத் தனித்தனியாகப் பேர் உண்டு. சீனர்களுக்குப் பெரும்பாலும் கங்காணியின் பேர்தான். ஒரு கங்காணி, அவனுக்குக் கீழே இத்தனை ஆள், இத்தனை நாள், இவ்வளவு காசு. பல இடத்தில் 'ஆ' என்று தொடங்குகிற பேராக இருக்கும். அது பேரே இல்லை. தெரிந்தவரைக் கூப்பிடும்போது பேருக்கு முன்னால் சேர்க்கிற விளி. கணக்கு எழுதினவன் காதில் விழுந்ததை எழுதிவிட்டுப் போய்விட்டான். யார் செத்தாலும் அடுத்த மாசம் ஆள் எண்ணிக்கை ஒன்று குறையும். இன்னொருவனைச் சேர்த்தால் சரியாகிவிடும். சாவு அந்தப் புத்தகத்தில் தெரியவே தெரியாது.

சம்பளத்திலும் வித்தியாசம். வெள்ளைக்காரனுக்கு மாசம் 35 டாலர், சாப்பாடும் தங்கலும் கம்பெனிச் செலவு. சீனனுக்கு 26 டாலரில் ஆரம்பித்துப் பிறகு முப்பதைத் தாண்டியது. சாப்பாடு அவனவன் பாடு. அரிசி, கருவாடு, உலர்ந்த சிப்பி, காய்ந்த காய்கறி என்று சொந்தக் காசில் வாங்கிச் சமைத்தார்கள். வெந்நீரில் போட்ட தேயிலைத் தண்ணியைக் காலி வெடிமருந்துப் பீப்பாய்களில் ஊற்றி, காவடி மாதிரி தோளில் தூக்கி வந்து குடித்தார்கள். ஓடைத் தண்ணியைக் குடித்த வெள்ளைக்காரர்கள் வயிற்றுப்போக்கில் கிடந்தபோது இவர்கள் தெம்பாக இருந்ததற்கு இதுதான் காரணம். வயிற்றுப்போக்கில் சாகவில்லை. சாக வேறு வழிகள் இருந்தன.

சியரா நெவாடாவின் கருங்கல் லேசில் உடையாது. ஒருத்தர் துளைக்கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் மாறி மாறிச் சம்மட்டியால் அடிக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் கம்பியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். அடி தவறினால் பிடித்தவர் கை போச்சு. துளை ஆனதும் கருமருந்தைத் திணித்துத் திரி வைத்து ஓட வேண்டும். ஓடி முடிப்பதற்குள் வெடித்தால் ஆள் போச்சு. வெடிக்காமல் கிடந்த மருந்தின் மேல் அடுத்த ஷிப்டுக்காரர் கம்பி பட்டாலும் போச்சு. ஸ்ட்ரோபிரிட்ஜுக்கே 1864-ல் வெடியில் ஒரு கண் போனது. அந்த ஒரு கண் போன கதை ரயில் சரித்திரம் சொல்கிற புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது. வெடியில் உயிர் போன சீனர் ஒருத்தர் பேர்கூட அங்கே இல்லை.

மலைக்குள் மொத்தம் பதினைந்து குகைப்பாதைகள். அதில் பெரியது ஆறாம் நம்பர். கடல் மட்டத்திலிருந்து 7,000 அடி உயரத்தில், டோனர் கணவாயில், 1,659 அடி நீளம். இரண்டு முனையிலிருந்து குடைந்தால் நேரமாகும் என்று மலை உச்சியிலிருந்து நடுவில் ஒரு கிணறு இறக்கி, அதன் அடியிலிருந்து இரண்டு பக்கமும் குடைந்தார்கள். நாலு முகத்திலும் ராவும் பகலும், எட்டு மணி நேர ஷிப்டு. இவ்வளவு செய்தும் ஒரு முகத்தில் ஒரு நாளைக்கு ஒரு அடிக்குக் கொஞ்சம் கூடத்தான் நகர்ந்தது.

முதலாளிகளுக்கு அவசரம். 1867-ல் நைட்ரோகிளிசரினைக் கொண்டுவந்தார்கள். கொஞ்சம் அதிர்ந்தாலே வெடிக்கிற திரவம் அது. அதற்கு முந்தின வருஷம் ஏப்ரலில் சான்ஃபிரான்சிஸ்கோ நகரத்துக்குள் ஒரு பெட்டி வெடித்துப் பலர் செத்தார்கள். உடனே அதை ஏற்றிக்கொண்டு போகவே தடை வந்தது. நகரத்தில் வெடித்தால் சட்டம் வரும். மலைக்குள் வெடித்தால்? கம்பெனி ஒரு ரசாயனக்காரனை மலைக்கே கூட்டிப் போய், வேலை நடக்கிற இடத்திலேயே அதைக் காய்ச்ச வைத்தது. குகைப்பாதை ஒரு நாளைக்கு இரண்டு அடிக்குப் பக்கமாக நகர ஆரம்பித்தது.

பிறகு பனி. 1866-67 குளிர்காலத்தில் 44 பனிப்புயல் அடித்ததாகக் கம்பெனி இன்ஜினியர் எண்ணி எழுதியிருக்கிறார். வேலை நிற்கவில்லை. பனிக்கு அடியில் வளை தோண்டி, குடிசையிலிருந்து குகைப்பாதைக்கு அந்த வளை வழியாகவே போய் வந்தார்கள். பல நாள் வெயில் வெளிச்சத்தையே பார்க்காமல் மாசக்கணக்கில் அந்த வாழ்க்கை. பனிச்சரிவு வந்தால் முகாமோடு போய்விடும். அப்படி 1866 டிசம்பரில் ஒரு கூட்டத்தைப் பனி மூடியதைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது: தோண்டி எடுப்பதற்குள் செத்தவர்கள் நாலு அல்லது ஐந்து பேர். நாலா, அஞ்சா? திரும்பிப் போய்க் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. இருபது வருஷம் கழித்து விசாரணைக் கமிஷன் முன்னால் ஸ்ட்ரோபிரிட்ஜே சொன்னான்: பனிச்சரிவில் நிறையப் பேரை இழந்தோம், பலரை அடுத்த பருவத்தில் பனி உருகின பிறகுதான் கண்டெடுத்தோம் என்று. எத்தனை பேர் என்று அவன் சொல்லவில்லை. 44 புயலை எண்ணியவர்கள்தான் அவர்கள்.

கேப் ஹார்ன் என்ற செங்குத்துப் பாறையில் சீனர்களைக் கூடையில் வைத்துக் கயிற்றில் இறக்கி வெடி வைக்கச் சொன்னதாகப் பல புத்தகங்களில் படிக்கலாம். படமும் வரைந்திருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பதிவு எதிலும் கூடைக்குச் சாட்சி இல்லை என்று இப்போது விவாதம் நடக்கிறது. எனக்கு அந்தக் கூடை பெரிசில்லை. நடந்ததை யாரும் எழுதி வைக்காத இடத்தில் கதை வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் கதை பொய் என்று ஒருத்தன் நிரூபிப்பான். அந்தச் சாக்கில் சாவும் பொய்யாகிவிடும். ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது இந்த இடத்தில்தான்.

*

வாயில்லாப் பூச்சிகளாக இருந்தார்களா? அப்படித்தான் முதலாளிகளும் நினைத்தார்கள். 1865-ல் ஜனாதிபதிக்கு எழுதின அறிக்கையில் ஸ்டான்ஃபோர்ட் இவர்களை அமைதியானவர்கள், பொறுமைசாலிகள், உழைப்பாளிகள் என்று புகழ்ந்திருக்கிறான். அதற்கு மூணு வருஷம் முன்னால் கலிபோர்னியா கவர்னராகப் பதவி ஏற்றபோது இதே ஸ்டான்ஃபோர்ட் இவர்களைத் தாழ்ந்த இனம் என்று பேசியவன்.

1867 ஜூன் 25. சியரா மலையில் மைல்கணக்கில் சிதறிக் கிடந்த முகாம்களில் ஒரே நாளில் சுமார் மூவாயிரம் சீனர்கள் சம்மட்டியைக் கீழே வைத்தார்கள். மாசம் 40 டாலர் வேண்டும். வெளியில் பத்து மணி நேரம், குகைக்குள் எட்டு மணி நேரம், அதற்கு மேலே வேலை கிடையாது. மேஸ்திரிகள் சவுக்கால் அடிக்கக் கூடாது. வேலையை விட்டுப் போகிறவனைத் தடுக்கக் கூடாது. கலாட்டா இல்லை, குடி இல்லை, அடிதடி இல்லை. குடிசைகளில் அமைதியாக உட்கார்ந்துவிட்டார்கள். அமெரிக்காவில் அதுவரைக்கும் நடந்த பெரிய வேலைநிறுத்தங்களில் இது ஒன்று.

குரோக்கர் என்ன செய்தான்? சாப்பாட்டுச் சாமான் மேலே வராமல் நிறுத்தினான். ஏழாயிரம் அடி மலையில் அரிசி வராவிட்டால் என்ன செய்வது? ஒரு வாரம் தாக்குப் பிடித்தார்கள். பிறகு வேலைக்குத் திரும்பினார்கள்.

அந்த நாட்களில் முதலாளிகள் ஒருத்தருக்கொருத்தர் எழுதின கடிதங்கள் இருக்கின்றன. அதில் ஒரு யோசனை வருகிறது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு விடுதலையான கறுப்பு மக்களை இங்கே கொண்டுவந்தால், சீனர்களை வைத்து ஐரிஷ்காரர்களை அடக்கினது மாதிரி, கறுப்பர்களை வைத்துச் சீனர்களை அடக்கலாம். தோழர்களே, இதைப் படிக்கும்போது நமக்கு எதுவும் புதுசாகத் தெரியவில்லை, இல்லையா? ஒரு சேரியை வைத்து இன்னொரு சேரியை அடிக்கிற யோசனைக்குத் தேசம் வித்தியாசம் கிடையாது.

*

1869 ஏப்ரல் 28. ஒரே நாளில் பத்து மைல் பாதை போட்டுக் காட்டுகிறேன் என்று குரோக்கர் சவால் விட்டு, பத்து மைல் 56 அடி போட்டு முடித்தான். இந்த நாளின் கணக்கைப் பாருங்கள்: 25,800 கட்டைகள். 3,520 தண்டவாளங்கள். 55,080 ஆணிகள். 14,080 போல்ட்டுகள். தண்டவாளம் தூக்கின எட்டு ஐரிஷ் தொழிலாளிகளின் பேர் ஒவ்வொன்றாகப் பதிவாகியிருக்கிறது. அவர்கள் உழைப்பு லேசானதில்லை, அந்த மரியாதை அவர்களுக்குச் சேர வேண்டியதுதான். ஆனால் அன்றைக்கு அவர்களோடு வேலை செய்த ஆயிரக்கணக்கான சீனர்களில் ஒருத்தர் பேரும் அந்தப் பட்டியலில் இல்லை. ஐம்பத்தையாயிரத்து எண்பதாவது ஆணி வரைக்கும் எண்ணத் தெரிந்திருக்கிறது.

மே 10. யூட்டாவில் பிராமண்ட்ரி என்ற இடத்தில் இரண்டு பாதையும் சேர்ந்தன. தங்கத்தில் ஆணி செய்து ஸ்டான்ஃபோர்ட் அடித்தான். இரண்டு எஞ்சின் எதிரும் புதிருமாக நிற்க, நூற்றுக்கணக்கான ஆட்கள் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற போட்டோ உலகப் பிரசித்தம். அதில் சீன முகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டியிருக்கிறது. ஒன்றோ இரண்டோ இருக்கலாம் என்கிறார்கள். கடைசித் தண்டவாளத்தைக் கொண்டுவந்து வைத்தது சீனர்கள்தான்.

பாதை முடிந்தது, சீனன் தேவையும் முடிந்தது. 1882-ல் சீனத் தொழிலாளிகள் நாட்டுக்குள் வரவே கூடாது என்று சட்டம். 1885 செப்டம்பரில் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸில், அதே யூனியன் பசிபிக் கம்பெனியின் நிலக்கரிச் சுரங்க ஊரில், வெள்ளைச் சுரங்கத் தொழிலாளிகள் சீனர்களின் குடியிருப்பைக் கொளுத்தி 28 பேரைக் கொன்றார்கள். யாருக்கும் தண்டனை கிடையாது. 1882 சட்டம் நீங்க 1943 வரை ஆனது. உழைக்கும்போது வேண்டும், ஊருக்குள் குடியிருக்க வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1969-ல் நூற்றாண்டு விழா. பேச இடம் உண்டு என்று நம்பி வந்த சீன அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தாருக்கு மேடையில் நேரம் கொடுக்கவில்லை. போக்குவரத்து மந்திரி ஜான் வோல்பி பேசினார். கருங்கல் மலையைக் குடைய, பனிக்குள் சுரங்கம் வெட்ட, அமெரிக்கரை விட்டால் யாரால் முடியும் என்று பெருமைப்பட்டார். மலையைக் குடைந்தவர்கள் அமெரிக்கர் ஆகக் கூடாது என்று சட்டம் வைத்திருந்த தேசத்தின் மந்திரி அவர்.

*

மறுபடி அந்த எலும்புகளுக்கு வருவோம்.

அதை ரயிலில் ஏற்றினது கம்பெனி இல்லை. செத்தவர்களின் சொந்தச் சனங்கள். வெளியூரில் செத்தால் எலும்பாவது ஊர் மண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஊர்வாரியாக, மாவட்டவாரியாகச் சங்கம் வைத்திருந்தார்கள். புதைத்துச் சில வருஷம் கழித்து, சங்கத்து ஆட்கள் பாதை நெடுகப் போய், புதைத்த இடம் தேடித் தோண்டி, எலும்பைக் கழுவித் துடைத்து, பேரும் ஊரும் எழுதிப் பெட்டியில் வைத்து, கப்பலில் ஹாங்காங் வழியாகக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். செத்தவர்கள் போட்ட பாதையிலேயே செத்தவர்கள் திரும்பி வந்தார்கள். பத்திரிகைக்காரனுக்கு அது 20,000 பவுண்டுச் சரக்கு. சங்கத்துக்காரனுக்கு ஒவ்வொரு பெட்டியும் ஒரு ஆள். எல்லாருக்கும் அந்தப் பெட்டி கிடைக்கவில்லை. பனியில் போனவன், பள்ளத்தில் விழுந்தவன், வெடியில் சிதறினவன் அங்கேயேதான் இருக்கிறான்.

2012-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இவர்களைப் பற்றி ஒரு பெரிய ஆராய்ச்சித் திட்டம் தொடங்கினார்கள். அந்த முதலாளியின் பணத்தில் எழுந்த பல்கலைக்கழகமேதான். இரண்டு கண்டத்திலும் தேடினார்கள். ரயில் வேலை செய்த சீனர் ஒருத்தர் கையால் எழுதின ஒரு கடிதம், ஒரு நாட்குறிப்புக்கூட அகப்படவில்லை. மண்ணைத் தோண்டினால் உடைந்த சோற்றுக் கிண்ணம், சட்டைப் பொத்தான், சூதாட்டக் காய் கிடைக்கின்றன. 2014-ல் அமெரிக்கத் தொழிலாளர் துறை தன் கௌரவ மண்டபத்தில் அவர்களுக்கு இடம் கொடுத்தது. 145 வருஷம் ஆகியிருக்கிறது.

ஆறாம் நம்பர் குகைப்பாதையில் 1993-க்குப் பிறகு ரயில் போவதில்லை. இப்போது உள்ளே நடந்தே போகலாம். சுவர்க் கருங்கல்லில் துளைக்கம்பி இறங்கின தழும்புகள் இன்னும் இருக்கின்றன. கையெழுத்து என்று அவர்கள் விட்டுப் போனது அதுதான்.

இதைப் படிக்கிற தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். கிணறு வெட்டும்போது மண் சரிந்து, குவாரியில் வெடி வெடித்து, மலக்குழியில் விஷவாயு தாக்கி உங்கள் தெருவில் யார் யார் செத்தார்கள் என்று கிழவிகளிடம் கேளுங்கள். அவங்களுக்கு எல்லாப் பேரும் தெரியும். பேர், வயசு, என்ன வேலை, எந்த வருஷம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கம்பெனி எழுதும், சர்க்கார் எழுதும் என்று உட்கார்ந்திருந்தால் நாலா, அஞ்சா என்றுதான் மிஞ்சும்.